அரளிப்பூவைக் கேட்டார்கள்

காலை ஆறு இருபது. நான் முதலில் பார்த்தது அம்மன் பாதத்தடியில் இருந்த இரண்டு பொட்டலங்கள். வாழையிலையில் மடித்து நார் சுற்றியவை. ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு. எது எதில் என்று பூசாரிக்கே தெரியாதபடி குலுக்கி வைத்திருந்தார்கள்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். பண்ணையக்காரர் பழனியப்பன் எனக்கு நெடுநாள் பழக்கம். போன வாரம் வேறொரு செய்திக்காக அந்தப் பக்கம் போனவன், அவர் வீட்டில் தங்கினேன். விடிந்ததும், "கோயிலுக்குப் பூக் கேக்கப் போறமுங்க, நீங்களும் வாங்க" என்று கூட்டிப் போனார்.

எதற்கு? அவருடைய சின்ன மகள் நல்லம்மாளுக்காக. பதினொரு வயது. மூன்று மாதமாகப் பேச்சில்லை. சோறு வைத்தால் நாலு வாய். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள் — அவ்வளவுதான்.

"பாயில பாதியை உட்டுட்டு ஓரமாப் படுக்கறாளுங்க," என்றார் தாயார். "பக்கத்துல யாரோ படுத்திருக்காப்பல..."

பூசாரி தலையை ஆட்டினார். "அதுதானுங்க. காத்துக் கருப்பு ஒண்ணு கூடவே இருக்குது."

வெள்ளை வந்தால் பெண் வீட்டிலேயே இருக்கலாம், தானே சரியாகிவிடும். சிவப்பு வந்தால் மேற்கே, ஒரு பகல் வண்டிப் பயணத்தில் உள்ள ஒரு கோயிலில் கொண்டுபோய் விடவேண்டும். ஒரு மண்டலம். அங்கே இப்படி வருகிறவர்களைத் தூணோடு சங்கிலியில் பிணைப்பது வழக்கம். நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகளும் உண்டு.

பொட்டலத்தை எடுக்க ஒரு குழந்தையின் கை வேண்டும். களங்கமில்லாத கை. அந்த நேரத்தில் கோயிலில் இருந்த குழந்தை ஒன்றே ஒன்று.

"அவளே எடுக்கட்டுங்க. அதுவும் கொழந்தை கைதானுங்களே?" என்றார் பூசாரி.

"எடு சாமி," என்றார் பழனியப்பன் மகளிடம்.

நல்லம்மாள் இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள். இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

தாயார் அழுதுவிட்டார். பழனியப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

"அம்மாளே ஒண்ணுமில்லேன்னுட்டா," என்றார் பூசாரி. "வாய்தான் பூட்டிக்கிச்சு. சாவி எங்கயாச்சும் அடுக்குப் பானைக்குள்ள கெடக்கும், தேடிப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தியைத் தவிர.

கால் மணியில் கோயில் காலி. பழனியப்பன் தண்ணீர் இறைக்க மாடு பூட்டப் போனார். தாயார் பால் கறக்கப் போனார். மூன்று மாதமாக அந்தப் பெண்ணைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். நோய் இல்லை என்று ஆனபின் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

கேள்வி கேட்பது என் பிழைப்பு. உட்கார்ந்தபிறகுதான் எனக்கே உறைத்தது — ஜோசியரைக் கேட்டாயிற்று, நாட்டு வைத்தியரைக் கேட்டாயிற்று, அம்மனைக் கேட்டாயிற்று. இவளை யாராவது கேட்டார்களா?

"எந்தப் பூ வரணும்னு நெனச்சே சாமி?"

பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"செவப்புங்க."

"அங்கே சங்கிலி போடுவாங்களே... தெரியுமா?"

"தெரியுமுங்க." பொட்டலத்து நாரை விரலில் சுற்றினாள். "வண்டி ஆட்டையாம்பட்டி வழியாத்தான் போவுமுங்க. அங்கதான் எங்கக்கா ஊடு."

அவ்வளவுதான் பேசினாள். மற்றதைத் தாயாரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அக்காளுக்குப் போன தை மாதம் கல்யாணம் ஆனது. அதுவரை இருவருக்கும் ஒரே பாய்.

கிணற்றடிக்குப் போய்ப் பழனியப்பனிடம் சொன்னேன். மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். முழுக்கக் கேட்டார்.

"அக்காளைக் கட்டிக்குடுத்தா தங்கச்சிக்குச் சந்தோசந்தானுங்களே? அதுக்குப் போயி யாராச்சும் வாயைக் கட்டிக்குவாங்களா?"

"ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டுங்களேன்."

"சம்பந்தி ஊட்டுல அழைக்காமப் போயி நிக்க முடியுங்களா? ஆடிக்கு அழைச்சா அவளே வாரா. அம்மாளே ஒண்ணுமில்லேன்னு சொன்னப்பறம், நீங்க வேற..."

ஆடிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

பழனியப்பன் கல்நெஞ்சர் இல்லை. மகள் வாய் திறப்பதற்காக ஒரு காணி நிலத்தைக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். பெரியவர் ஒருவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தால், 'என்ன துக்கமோ' என்கிறோம். குழந்தை உட்கார்ந்திருந்தால் பேயைத் தேடுகிறோம். துக்கம் என்ன, மீசை முளைத்த பிறகுதான் வருமா?

பத்து மணிக்குச் சேலம் போகும் பஸ் வந்தது; பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடுவது. நான் ஏறும்போது நல்லம்மாள் அதே படியில் இருந்தாள். கை காட்டினேன். திரும்பிப் பார்த்தாள்.

ராசிபுரம் தாண்டி, ஆட்டையாம்பட்டியில் கரி போடுவதற்காக பஸ் பத்து நிமிஷம் நின்றது. நான் இறங்கவில்லை.