அத்தையின் புத்தகத்தில் விட்டுப்போன பக்கம்

என் அம்மா இன்றைக்கும் உலைக்கு அரிசி எடுக்கும்போது, முதலில் டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியைத் தடவிப் பார்ப்பார். ஏன் என்று வீட்டுக்கு வந்த மருமகள் கேட்டால் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தேன் என்பார். பூச்சிக்காக அல்ல. அது அத்தை எங்கள் வீட்டில் தங்கியிருந்த வருடத்தில் வந்த பழக்கம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நான் பள்ளியில் ஆண்டு நான்கு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் மதியம் மாமா அவரைப் பந்திங்கிலிருந்து காரில் கொண்டுவந்து கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே அப்பாவிடம் பேசினார்.

"மச்சான், ஒங்க தங்கச்சிய குறை சொல்ல வரல. வீட்ல கால் நீட்டிப் படுக்க எடமில்ல. தீபாவளி வரைக்கும் இங்க இருக்கட்டும். ஒரு சாமானும் வாங்காம இருந்துட்டா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

மூன்று வயது மகனை அவர் கொண்டுவரவில்லை. பையன் மாமாவின் அக்கா வீட்டில் இருந்தான். தீபாவளிக்குள் திருந்தினால் பிள்ளை கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. இதைப் பெரியவர்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் புரியாது என்ற நம்பிக்கை எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு.

அத்தை சாமான் வாங்குவார். அதுதான் அவருடைய வியாதி. அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், நானும் அப்போது சிரித்தேன். பந்திங் வீட்டில் புடவை, போர்வை, சட்டி, மிக்ஸி எல்லாம் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. எதையும் பிரித்ததில்லை. வாங்கிக் கையில் வரும்வரைதான் தவிப்பு, வந்துவிட்டால் அந்தப் பையைத் திரும்பிப் பார்க்க மாட்டார். சொந்தக்காரர்கள் இதைக் 'கை அரிப்பு' என்றார்கள். சொல்லும்போது தங்கள் உள்ளங்கையைச் சொறிந்து காட்டுவார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை ஒரு சன்னியாசினி மாதிரி இருந்தார். கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். காய் வாங்கக்கூட வெளியே போகமாட்டார், என்னைத்தான் அனுப்புவார். தீபாவளி நெருங்க நெருங்க கிள்ளான் கடைத்தெருவில் பந்தல் போட்டு, பாட்டுப் போட்டு, கூவிக் கூவி விற்பார்கள். கோயிலுக்குப் போவதென்றால் அந்தத் தெருவைத் தவிர்த்து, ரயில்வே பக்கமாகச் சுற்றி என்னையும் நடத்தியே கூட்டிப்போவார். எனக்குக் கால் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாமா போன் போட்டு மகனிடம் கொடுப்பார். அவன் மூச்சு மட்டும் விடுவான். அத்தை, "தீபாவளிக்கு அம்மா வந்துருவேன் ராஜா" என்பார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருப்பார்.

அம்மாவுக்கு நாத்தனார் மேல் பாசம் உண்டு. பாசத்தோடு ஒரு யோசனையும் உண்டு, அதுதான் வினை. அம்மா பாலர் பள்ளியில் ஆசிரியை. மாதம் ஒரு முறை கோயில் மண்டபத்தில் கூடும் வாசகர் வட்டத்தில் முக்கியப் புள்ளி. அந்த மாதம் வட்டம் எடுத்துக்கொண்டது ஒரு நகைச்சுவை நாவல். தலைப்பு எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் சொல்லப் பிடிக்கவில்லை. அட்டையில் ஏழெட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடும் ஒரு பெண்ணின் கேலிச்சித்திரம். கடை கடையாக ஏறி வாங்கிக் குவிக்கும் குடும்பத்தலைவியின் கூத்துதான் கதை.

"முள்ள முள்ளாலதான் எடுக்கணும்" என்றார் அம்மா. சிரித்துச் சிரித்தே அத்தைக்குப் புத்தி வந்துவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அத்தை அந்தப் புத்தகத்தைச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். நான் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன். கதாநாயகி புடவைகளை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைப்பாள். விருந்தாளி வந்த அன்று மாமியார் உழக்கை விட, மாயாஜாலக்காரன் தொப்பியிலிருந்து எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக வெளியே வரும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. பரீட்சைக்குப் படிப்பவர்போல் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். முடித்ததும் கடைசிப் பக்கங்களுக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தார். பிறகு என்னிடம் பென்சிலைக் கொடுத்து, பக்க எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். எல்லாம் சரியாக இருந்தன.

"நல்லா பாத்தியா பாப்பா?"

"பாத்தேன் அத்தை. எல்லாம் இருக்கு."

அவருக்குத் திருப்தியில்லை. அச்சுக் கோளாறைக் கண்டுபிடிக்கிற ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு அம்மா எங்கள் இருவரையும் அழைத்துப்போனார். மண்டபம் நிறைந்திருந்தது. முடிவில் சாப்பிட நாசி லெமாக் உண்டு என்பதும் ஒரு காரணம். தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தும்மினாலும் இலக்கணத்தோடு தும்முபவர். வாசகர்கள் ஒவ்வொருவராக எழுந்து கருத்துச் சொன்னார்கள். பெண்களை மட்டம் தட்டும் கதை என்றார் ஓர் ஆசிரியை. ஆண்கள் மீன்பிடித் தூண்டிலுக்கும் காருக்கும் கொட்டுவதை ஏன் யாரும் எழுதுவதில்லை என்று கேட்டுப் பெண்கள் பக்கத்தின் கைதட்டலை வாங்கினார். மொழி சுத்தமில்லை என்றார் யாழ்ப்பாண வழிவந்த ஒரு மூத்த அம்மையார். "ரொம்ப லைட்லா, எல்.ஆர்.டி. ரயில்ல ஏறி எறங்கறதுக்குள்ள முடிச்சிட்டேன்" என்றார் ஓர் இளைஞர். புத்தகத்தைத் திறந்தே பார்க்காத ஓர் அங்கிள்தான் அதிக நேரம் பேசினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இப்படியும் ஒரு பொம்பளை உலகத்தில் இருப்பாளா, சுத்தக் கற்பனை என்பது அவருடைய முடிவு. அரிசி டின் காட்சியை யார் சொன்னாலும் மண்டபம் குலுங்கியது. என் பக்கத்தில் அத்தை இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தார்.

புதிய வாசகர் யாராவது பேசலாமே என்று தலைவர் அழைத்தார். அம்மா அத்தையின் முழங்கையை இடித்தார். அத்தை எழுந்தார்.

"கதை நல்லாருந்துச்சுங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல அவ வாங்கிக்கிட்டே இருக்கா. கடைசி அத்தியாயத்துல நிறுத்திட்டா, எல்லாரும் சேந்து கோயிலுக்குப் போறாங்க. நடுவுல அவ எப்படி நிறுத்தினான்னு இல்லியே. என் புக்குல ஏதோ ஒரு பக்கம் விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ஒங்க யாரு புக்குலயாச்சும் அந்தப் பக்கம் இருக்குங்களா?"

மண்டபமே சிரித்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. விமர்சனம் என்றால் இதுவல்லவா விமர்சனம், கதாசிரியரின் பலவீனத்தை ஒரே கேள்வியில் குத்திக் காட்டிவிட்டார் என்று தலைவர் எழுந்து நின்று பாராட்டினார். நான் பெருமையில் பூரித்துப்போனேன். அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தார். யாரோ பதில் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பவர்போல.

சிறந்த கருத்துக்கு மாதாமாதம் ஒரு புத்தகம் பரிசு தருவார்கள். அந்த மாதம் கதைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தலைவருக்கே ஒரு நகைச்சுவை தோன்றி, கடைத்தெருவில் ஒரு புடவைக் கடைக்காரரிடம் சொல்லி வவுச்சர் வாங்கி வைத்திருந்தார். பரிசை அவர் அறிவித்ததும் மறுபடியும் சிரிப்பு.

"வேணாங்க சார். எனக்கு வேணாம்" என்றார் அத்தை.

அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அதற்கும் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் அத்தை வவுச்சர் இருந்த உறையை அம்மாவிடம் நீட்டினார். "நீங்களே வச்சுக்குங்க அண்ணி."

"ஒனக்குக் கெடச்ச பரிசுமா. இத்தன நாளு எப்படி இருந்திருக்க! ஒன்னே ஒன்னு எடு. ஒன்னு எடுத்தா என்ன ஆயிடப் போவுது?"

அம்மாவை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை. நாத்தனார் ஊரார் முன்னால் பாராட்டுப் பெற்ற சந்தோஷம் அவருக்கு. அன்று ரயில்வே பக்கம் சுற்றாமல் நேரே கடைத்தெருவுக்குள் நடந்தோம். கடை வாசலில் அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். உள்ளே போன பிறகு அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே! எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்க்காத முகம். கண் பளபளத்தது, விரல்கள் துணிமேல் ஓடின, விற்பனைப் பெண்ணோடு சிரித்துப் பேசினார். மகனுக்கு ஒரு குட்டி ஜிப்பா எடுத்தார். எனக்கு ஒரு பாவாடை. பிறகு ஒரு புடவை, அதற்குத் தோதாக இன்னொன்று. வவுச்சர் எப்போதோ தீர்ந்துவிட்டது. அம்மா, "போதும்மா, போதும்மா" என்று சிரித்துக்கொண்டே பைகளை வாங்கிக்கொண்டார். பழைய அத்தை திரும்பக் கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே குதூகலம்.

மறுநாளிலிருந்து காய் வாங்க அத்தையே போனார். பாப்பா படிக்கட்டும் என்றார். அம்மாவுக்கு மகிழ்ச்சி. அண்ணன் வீட்டில் அடைந்து கிடந்தவள் நாலு மனிதர் முகத்தைப் பார்க்கிறாளே என்று அப்பாவிடம் சொன்னார். அத்தையின் காதிலிருந்த தோடு ஒரு நாள் மாறியிருந்தது. புதுத்தோடு இன்னும் பளபளப்பாக இருந்ததால் எனக்கு அதுதான் பிடித்தது. கவரிங் அப்படித்தான் பளபளக்கும் என்று அப்போது தெரியாது.

தீபாவளிக்கு முந்தின நாள் மாமா மகனோடு வந்தார். சொன்ன சொல் தவறாதவர். அத்தையின் சூட்கேசுகள் வாசலில் தயாராக இருந்தன. பையன் முதலில் கூச்சப்பட்டு, பிறகு அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான். அத்தை அவனுக்குப் புது ஜிப்பாவைப் போட்டுவிட்டு உச்சந்தலையை முகர்ந்துகொண்டே இருந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அம்மா அரிசி எடுக்கப் போனார்.

உழக்கு எதிலோ இடித்தது. அம்மா கையை விட்டு இழுத்தார். பிளாஸ்டிக் பை, உள்ளே புடவை. இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. அரிசி சிதறித் தரையெல்லாம் ஓடியது. மறைக்கலாமா என்று அம்மா திரும்பியபோது மாமா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தில் எல்லாரும் சிரித்த இடம் அல்லவா அது? சிரித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார்.

மாமா கத்தியிருந்தால்கூடத் தேவலாம். "வரேன் மச்சான்" என்று மட்டும் சொல்லி, பையனை அத்தையின் மடியிலிருந்து தூக்கிக்கொண்டார். அத்தை கெஞ்சவில்லை. ஜிப்பாவின் ஒரு முனையைப் பிடித்திருந்தார், பிறகு அதையும் விட்டுவிட்டார். கார் திரும்பும்போது பையன் கண்ணாடியில் முகத்தை ஒட்டி அழுதான். கழுத்தோரம் ஜிப்பாவின் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அத்தை எங்களோடும் இருக்கவில்லை. சுங்கை பூலோவில் ஓர் அறை எடுத்து, தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை பார்த்தார். எங்களை வாசலோடு பேசி அனுப்பிவிடுவார். போன வருடம் சர்க்கரை முற்றி இறந்துபோனார். பந்திங்கிலிருந்து மகன் வந்து கொள்ளி வைத்தான். பதினைந்து வயது. யாரோ சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். பிறந்த வீட்டுக் கோடி அண்ணன்தான் எடுத்துவர வேண்டும். தங்கையின் அறையில் பிரிக்காத புடவைகள் கூரை வரை கிடக்க, அப்பா கடைக்குப் போய் இன்னும் ஒரு புடவை வாங்கிவந்தார். வழியெல்லாம் அழுதார்.

அறையைக் காலி செய்தது நானும் அம்மாவும். எல்லாம் வாங்கிய பையிலேயே, கட்டிய கட்டிலேயே இருந்தன. கட்டில் தலைமாட்டில் மட்டும் பிரித்த சாமான் ஒன்று இருந்தது. அதே நாவல். ஒன்றல்ல, ஓர் அடுக்கு. பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடையின் ரசீதுகள் உள்ளேயே கிடந்தன, ஆண்டு ஆண்டாக. ஒரு பிரதியைத் திறந்தேன். ஒவ்வொரு பக்க எண்ணுக்குக் கீழும் பென்சிலால் ஒரு புள்ளி. அடுத்ததிலும் புள்ளி. அடுத்ததிலும்.

அம்மா என்னவென்று கேட்டார். பழைய புத்தகம் என்றேன்.

அன்று மண்டபத்தில் அத்தை கேட்டது விமர்சனம் அல்ல. அவருக்கு அந்தப் பக்கம் தேவைப்பட்டது, தீபாவளிக்குள் தேவைப்பட்டது, அதனால்தான் அத்தனை பேர் முன்னால் கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எல்லாம் நிறுத்திய பிறகும் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.