வாசற்படியில் எழுதிய எண்

அக்கா அவர்கள் கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டீர்கள். அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான். ஆனால் அவரோடு ஒரே வயிற்றில் பிறந்தவள் நான் ஒருத்திதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் உரிமை பேசிக்கொண்டு வர வேண்டாம்.

அக்கா பிறந்தது திருச்செந்தூர் பக்கம். அம்மா சிறு வயதிலேயே போய்விட்டதால் எனக்குத் தலை வாரிவிட்டதும் சோறு போட்டதும் அக்காதான். அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாராவி வந்ததும் என்னையும் வரவழைத்துக்கொண்டார். அத்தான் வீட்டார் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவர்கள். வெள்ளை உடுத்துவார்கள், நகை போட மாட்டார்கள். ஊரில் பெரிய சபை விலக்கிவைத்ததால் மும்பைக்கு வந்து, சேற்று நிலத்தில் மண் கொட்டி மேடாக்கி, ஜெப வீட்டைச் சுற்றி ஒரே சந்தாகக் குடியேறினார்கள். அக்கா அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தார். நான் எடுக்கவில்லை. அன்றைக்கே அக்கா பாதி போய்விட்டார் என்று எனக்குத் தோன்றியது.

சபையாருக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை பொழுது அடைந்தால் மறுநாள் பொழுது அடையும்வரை அடுப்பு மூட்ட மாட்டார்கள், வண்டி ஏற மாட்டார்கள். எனக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் கம்பெனி லீவு. அன்றைக்கு அக்கா தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருப்பார். ஆக, அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே நாளில் ஓய்வு என்பது வாழ்நாளில் வாய்க்கவே இல்லை. சனிக்கிழமைகளில் சந்துக்காரர்கள் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

நான் கல்யாணமாகி, நவி மும்பைப் பக்கம் கோபர்கைரனேக்குக் குடிபோனேன். அத்தான் காலமான பிறகு, அக்கா வந்து தங்குவார் என்று ஓர் அறையை ஒழித்துப் புது மெத்தையும் வாங்கிப் போட்டேன். வரவில்லை.

அப்போதுதான் தாராவியை இடித்துக் கட்டப்போகிறோம் என்று சர்க்கார் கணக்கெடுக்க வந்தது. வீட்டுக்கு வீடு கதவில் எண் எழுதினார்கள். எண் இருந்தால்தான் மாற்று வீடு. ஆனால் சபையாருக்கு ஆட்கள் மேலும் வீட்டு நெற்றி மேலும் எண் ஏறுவது வேதத்தில் சொன்ன மிருகத்தின் முத்திரை, சாத்தானை எசமானாக ஏற்றுக்கொண்ட அடையாளம். "கதவுல நம்பர் ஏத்த விட மாட்டோம். வேணும்னா கூரையப் பிரிச்சிக்கிட்டுப் போயிருதோம்" என்று சபைத் தலைவரான மூப்பர் சொல்லிவிட்டார். வெறும் பேச்சில்லை. நினைத்ததும் தூக்கிக்கொண்டு போக, வெள்ளிக்கிழமையே கூரைத் தகரங்களின் ஆணியைக் கழற்றி மேலே கல்லை வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை போலீஸோடு அதிகாரிகள் வந்தார்கள். வெள்ளை உடுத்தியவர்கள் எல்லோரும் சந்தின் வழியை அடைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். லத்திகள் வரிசையாக நின்றன. லீவு போட்டுவிட்டு நானும் ஓடினேன். எல்லோரும் சந்து பிழைக்க வேண்டும் என்று ஜெபித்தார்கள். என் மனதில் அந்த மெத்தைதான் இருந்தது.

"எக்கா, எந்திரிச்சி வா. எங்க வீட்டுல இடமிருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா எழுந்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் என் பக்கம் வரவில்லை, அதிகாரியிடம் போனார். "ஸாப், தர்வாஜா நஹி. இதர் லிக்கோ" என்று, கதவை விட்டுவிட்டு வாசற்படிக் கல்லில் எழுதச் சொல்லிக் காலால் தொட்டுக் காட்டினார். நாலு பேர் மிதித்தால் அழிந்துவிடுமே என்றார் அதிகாரி. அழிந்தால் திரும்ப வந்து எழுதுங்கள், நாங்கள் எங்கேயும் போகப்போவதில்லை என்று அக்கா இந்தியில் சொன்னார். அதை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூப்பர் எழுந்து வந்து அந்தப் படிக்கல்லைக் குனிந்து பார்த்தார். பிறகு, "காலுக்குக் கீழ கெடக்க நம்பர் நமக்கு எசமானா என்ன? எழுதிட்டுப் போகட்டும்" என்றார். வீட்டுக்கு வீடு படிக்கல்லில் பெயின்டால் எண் எழுதினார்கள். காய்ந்ததும் அக்கா முதலில் மிதித்து உள்ளே போனார். சந்தே கைதட்டியது. கிழவர்கள்கூட "அக்கா, அக்கா" என்றார்கள்.

"ஏட்டி, அந்த மெத்தையில நீயே படு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் ரயில் முழுக்க அழுதுகொண்டே வந்தேன்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகு, ஆஸ்பத்திரி பக்கம் என்பதால், கடைசியில் என் வீட்டுக்கு வந்தார். வந்தாலும் எனக்குக் கிடைத்தாரா? சனிக்கிழமை போக மற்ற நாளெல்லாம் சந்திலிருந்து யாராவது கஞ்சியோடு வந்து நிற்பார்கள். நான் வைத்த ரசம் அப்படியே இருக்கும். "அவிய அம்புட்டுத் தூரத்துல இருந்து வாராவ, நீ இங்கனதான இருக்க" என்பார். இங்கேயே இருப்பவளுக்கு அதுதான் கூலி.

ஒரு சனிக்கிழமை விடியும்போது அக்காவின் மூச்சு அடங்கியது. மூப்பருக்குப் போன் செய்தேன். அழுதார். "பொழுது அடஞ்சதும் வாரோம், தாயி" என்றார். வண்டி ஏறக் கூடாத நாள் அல்லவா.

நான் கம்பெனிக்குப் போகவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். பகல் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் பாடவில்லை. எங்கள் இருவருக்கும் ஒன்றாய்க் கிடைத்த ஓய்வு நாள் அதுதான்.

சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், அடக்கம் முடியும்வரை நின்ற மூப்பருக்கும் சபையாருக்கும் என் நன்றி. அன்றைக்குப் பொழுது அடையும்வரை நீங்கள் ஒருவரும் வராமல் இருந்தீர்களே, அதற்கு என் பெரிய நன்றி.