வீடியோ கேமுக்கு வைத்த பொட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை. விஜயதசமி. குளித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு டி.வி. முன்னால் உட்கார்ந்து, வீடியோ கேம் பெட்டியின் ஸ்விட்சை பயபக்தியோடு அழுத்தினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

டி.வி.யும் அதற்குத் தகுந்த மாதிரி ஒரு தடவை வெளுத்தது, ஒரு தடவை கறுத்தது. கேம் மட்டும் வரவே இல்லை.

நாற்பத்து மூன்று வயசு ஆசாமிக்கு வீடியோ கேம் எதற்கு என்கிறீர்களா? மகளுக்காக என்று சொல்லித்தான் நானும் ஊரைச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால், லீவு நாளில் மகள் எழுந்திருக்க எட்டு மணி ஆகும். நான் ஆறரைக்கே உட்கார்ந்துவிட்டேன்... மீதியை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

பெட்டி என்னுடையதாக இருந்தால் போனால் போகிறது என்று மூடி வைத்திருப்பேன். அது பெருந்துறையில் இருக்கும் என் அக்கா வீட்டுப் பெட்டி.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்கு இருப்பது ஒரே தாய்மாமன் — நான். நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து, வேறு யாரோ ஒரு சொந்தக்காரர் மடியில் வைத்துக் காது குத்தி, குழந்தை அழுது தூங்கியும் போயிருந்தது.

அவிநாசியில் பஸ் டயர் பஞ்சர் ஆனது உண்மை. நான் வீட்டிலிருந்து கிளம்பியதே லேட் என்பதும் உண்மை.

அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சத்தமே போடவில்லை. "பரவால்லீங் மாப்ள. சாப்ட்டுப்போட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று வருஷம் பேச்சில்லை.

கோயமுத்தூர்ப் பக்கம் திட்டும்போதுகூட 'ங்க' போடுகிறார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்யட்டும். அந்த 'ங்க'வில் எத்தனை வகை இருக்கிறது, எது அடிவயிற்றில் இறங்கும் என்பது வாங்கிக் கட்டிக்கொண்ட எங்களுக்குத்தான் தெரியும்.

போன மாசம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் மாமாவும் நானும் எதிரெதிரே நின்றுவிட்டோம். தப்பித்துப் போக வழியில்லை. "ஏனுங் மாப்ள, சௌக்கியங்களா?" என்று அவரே ஆரம்பித்தார். பேச்சோடு பேச்சாக, அவர் கூட்டாளி ஒருத்தர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வீடியோ கேம் பற்றிச் சொன்னார். பக்கத்தில் நின்ற என் மகள் கண்ணை விரித்தாள். அடுத்த வாரமே ஆள் மூலம் பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டார். "தீவாளி வரைக்கும் வெச்சு வெளையாடட்டும்ங்க" என்று ஒரு சீட்டும் கூடவே வந்தது.

மூன்று வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பொருள். அதைத்தான் நான் கெடுத்து வைத்திருந்தேன். அப்போது அது நான் கெடுத்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

சரி, கெட்டால் என்ன செய்வோம்? முதலில் கரண்டைக் குறை சொல்வோம். நானும் சொன்னேன். வோல்டேஜ் கம்மி என்று தீர்மானித்து, ஃப்ரிட்ஜுக்கு இருந்த ஸ்டெபிலைசரைப் பிடுங்கி இதற்குக் கொடுத்தேன். விளக்கு இன்னும் பிரகாசமாக எரிந்து, இன்னும் பிரகாசமாக அணைந்தது.

அடுத்து அடாப்டர் வயர். ஆட்டிப் பார்த்தேன். டி.வி.யில் சேனலைத் திருகிப் பார்த்தேன். கேம் இருக்கும் கேசட்டை வெளியே எடுத்து, வாயால் ஊதி, மறுபடி செருகினேன். பெட்டியின் தலையில் செல்லமாக ஒரு தட்டு. பிறகு செல்லமில்லாமல் ஒரு தட்டு.

"ஏனுங்க, கூப்புட்டு உண்மையச் சொல்லிப்போடுங்களே. மெஷின்னா கெடத்தான் செய்யும்" என்றாள் என் மனைவி கோமதி.

எனக்குத் தைரியம் வரவில்லை. காதுகுத்துக்கு லேட்டாகப் போனவன் கொடுத்த பொருளையும் கெடுத்துவிட்டான் என்றால், அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியுமா?

புதன்கிழமை அக்காவே போன் பண்ணினாள். "ஞாயித்துக்கெழமை நானும் மாமாவும் அங்க வாரோம்டா. அப்படியே அந்தப் பொட்டியையும் எடுத்துக்கறோம்."

தீபாவளி வரைக்கும் என்றவர்கள் எதற்கு இப்போதே? விஷயம் தெரிந்துவிட்டதா? "வாங்க வாங்க" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு பழனிச்சாமி அண்ணனைக் கூப்பிட்டேன். மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறவர். டெஸ்டரோடு வந்தார். காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டார். "கரண்டு ஜம்முனு வருதுங் சார். எனக்கென்னமோ கெப்பாசிட்டர் போயிருக்கும்னு படுதுங்க" என்றார்.

இந்த ஊரில் எது நின்றாலும் கெப்பாசிட்டர்தான். ஃபேன் நின்றால் கெப்பாசிட்டர், கிணற்று மோட்டார் நின்றால் கெப்பாசிட்டர். விட்டிருந்தால் அஞ்சு ஹெச்.பி. மோட்டாரின் கெப்பாசிட்டரை அந்தச் சின்னப் பெட்டிக்குள் திணித்திருப்பார். காபி கொடுத்து அனுப்பி வைத்தேன். போகும்போது அவர்தான் உக்கடத்தில் ஒரு ரேடியோக் கடையைச் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. உள்ளே யூசுப் பாய். கழற்றிப் போட்ட டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவில் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூவையும் தொடவில்லை. கேசட் செருகும் வாயைத் திறந்து, குனிந்து, மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சீங்களா சார்?"

வைத்தேன். ஏன் வைக்க மாட்டேன்? வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் காலேஜ் லைப்ரரியில் வேலை பார்க்கிறவன். எங்கள் தெருவிலோ நாலு பட்டறை. பூஜையன்று லேத், டிரில்லிங் மெஷின், மோட்டார் என்று ஒவ்வொருத்தரும் வரிசையாகக் கழுவிச் சந்தனம் தெளிப்பார்கள். என் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு ஸ்கூட்டர், ஒரு மிக்ஸி, ஒரு அரிவாள்மனை. வருஷா வருஷம் கூச்சமாக இருக்கும். இந்த வருஷம் வெளிநாட்டு மெஷின் ஒன்று வந்திருக்கிறதே என்று பெருமையாக நடுவில் வைத்தேன். சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்தேன். பெட்டியின் நெற்றியில் ஒன்று, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒன்று. வேலை செய்வது கேசட்தானே என்று அதன் விளிம்பில் பித்தளைப் பல் மாதிரி இருக்குமே, அங்கே சரியாக ஒன்று. வைத்த கையோடு கேசட்டை உள்ளே செருகியும் வைத்தேன்.

பூஜை போட்ட சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். சந்தனம் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து நன்றாகக் காய்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து கரண்டு, வயர், சிங்கப்பூர்க்காரன் என்று எல்லோரையும் சந்தேகப்பட்டேன். நாம் என்ன செய்தோம் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

பாய் சிரிக்கவில்லை. "வருசா வருசம் இந்த வாரம் இதாங் சார் நமக்கு வேலை. டேப் ரெக்கார்டருக்குள்ள குங்குமம், கால்குலேட்டருக்குள்ள மஞ்சத்தண்ணி... இந்த ஒரு வாரம் மட்டும் நான் எந்த ஊருக்கும் போறதில்லீங்க."

கேசட்டின் பல்லை ரப்பரால் தேய்த்தார். பெட்டியின் வாய்க்குள் ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷை விட்டுத் துலக்கினார். "கேசட்டு உள்ள சரியாத் தொடலீன்னா இது தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுமுங்க. வேற ஒரு கோளாறும் இல்ல" என்றார். பிறகு ஒரு ஊசியால் உள்ளே எதையோ நெம்பி எடுத்துக் காகிதத்தில் தட்டினார்.

"இந்தா பாருங் சார். இந்த மஞ்சளா உதுருறது உங்களுது. இந்தக் காபிக் கலர்ல கல்லாட்டம் இருக்கறது பழசுங்க. ஒரு வருசமாச்சும் இருக்கும்."

பழசா? ஒரு வருஷத்துக்கு முன்னால் பெட்டி எங்கே இருந்தது? பெருந்துறையில்.

என் மனசு எவ்வளவு கேவலமானது பாருங்கள். பெட்டி சரியான சந்தோஷத்தைவிட இந்தச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. அந்தப் பழைய சந்தனத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நாளைக்கு மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும், இதை எடுத்து மேஜையில் வைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். அக்கா குழந்தையும் என் மகளும் மாடிக்கு ஓடிவிட்டார்கள். கோமதி காபி கொண்டுவந்தாள். "இப்பத்தானுங் அம்மணி குடிச்சோம்" என்று மாமா டம்ளரைத் தள்ளி வைத்தார். அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எங்கீங் மாப்ள, அந்தப் பொட்டிய ஒருக்காப் போட்டுக் காட்டுங்க" என்றார் மாமா.

ஸ்விட்சை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. டி.வி.யில் கேம் வந்து பாட்டுப் பாடியது. மாமா டி.வி.யைப் பார்க்கவே இல்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். விளக்கு அணையவில்லை.

"அப்பாடா" என்று சாய்ந்து உட்கார்ந்தார். "ஏனுங் மாப்ள, இது மின்னி மின்னி அணையலீங்களா?"

"சொல்லிப்போடுங்க" என்று அக்கா அவரை இடித்தாள்.

"போன வருசம் பூஜைக்கு நாந்தானுங்க இதுக்குப் பொட்டு வெச்சேன். அதுலருந்து அப்பப்ப மின்னும். ஒரு தட்டுத் தட்டுனா மின்னறது நின்னுக்கும். உங்களுக்குக் குடுத்தனுப்பிப்போட்டு அப்பறம்தானுங்க ரோசனை பண்ணுனேன். அங்க போயி நின்னுபோச்சுன்னா, வேணும்னே கெட்டதக் குடுத்துவுட்டான்னு நெனச்சுக்குவீங்களோன்னு... ஒரு வாரமாச் சோறு எறங்கலீங்க."

ஐம்பது மைல் தள்ளி அந்த மனுஷருக்கும் சோறு இறங்கவில்லை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. விஜயதசமி காலையிலிருந்து பாய் கடை வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டினேன். கேசட்டின் பல்லில் பொட்டு வைத்த இடம் வந்தபோது மாமா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "நானும் அங்கதானுங்க வெச்சேன்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

பையில் இருந்த காகிதத்தை நான் எடுக்கவே இல்லை. எதற்கு?

சிரித்து முடித்த பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "இதுக்காகவா ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்தீங்க?" என்று அக்காவைக் கேட்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பொட்டிய வாங்கறதுன்னா ஒரு ஆளை அனுப்பிச்சா பத்தாதாடா? மூணு வருசமாச்சு நான் இந்த ஊட்டுக்கு வந்து. சும்மா வாரேன்னு சொல்ல எனக்கு வாய் வருலடா... ஒரு சாக்கு வேணுமில்ல."

நான் டி.வி.யைப் பார்த்துக்கொண்டேன். "அன்னைக்கு நான் கெளம்புனதே லேட்டுக்கா" என்றேன். மூன்று வருஷமாகச் சொல்லியிருக்க வேண்டியது. அக்கா தலையை ஆட்டினாள். மாமா தள்ளி வைத்த காபியை எடுத்து, ஆறிப்போனதை அப்படியே குடித்தார்.

எங்கள் பக்கத்தில் மனஸ்தாபம் உள்ள வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அன்றைக்கு மாமா எங்கள் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து, ரசத்துக்கு ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் வரைக்கும் ஸ்விட்சை அணைக்க விடவில்லை. மூன்று தடவை விளையாடி, மூன்று தடவையும் அக்காவிடம் தோற்றார்.

அஞ்சு மணிக்குக் கிளம்பினார்கள். பெட்டியை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

நானும் ஞாபகப்படுத்தவில்லை.