தாய்மாமன் பத்திரிகையும் ஜப்பான் படமும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், மயிலாப்பூரில் நடந்தது இது. அங்கே ஒரு சின்ன அரங்கத்தில் என் கணவருக்குப் பராமரிப்பு வேலை. நாற்காலி போடுவது, விளக்கு, மின்விசிறி பார்ப்பது, கடைசியில் பூட்டுவது எல்லாம் அவர்தான்.

எங்கள் மகளின் கல்யாணத்துக்கு அப்போது கொஞ்ச நாள்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் பத்திரிகை கொடுத்தாயிற்று. முதலில் வைத்திருக்க வேண்டிய என் தம்பிக்கு மட்டும் வைக்கவில்லை.

காரணம், நிச்சயதார்த்தத்தில் நடந்த தகராறு. தட்டு மாற்றும்போது தாய்மாமன் நிற்பது எங்கள் வழக்கம். மாலை வாங்கப் போன தம்பி வரத் தாமதமாகவே, நல்ல நேரம் போகிறதென்று என் கணவர் தன் அக்கா வீட்டுக்காரரை நிற்க வைத்துவிட்டார். மாலையோடு வந்து நின்ற தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. "இனிமே உங்க வாசப்படி மிதிச்சா என்னான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டான்.

"நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தினவன் அவன். நான் போய் நிக்கணுமா? எனக்கு மானம் இல்லையா?" என்று இவரும் பிடிவாதமாக இருந்தார்.

கணவனும் மனைவியும் சேர்ந்து போய் வைத்தால்தான் அது அழைப்பு. நான் தனியாகப் போய்ப் பயனில்லை. எனக்கு எதிர்த்துப் பேசியும் பழக்கமில்லை. "மாமா இல்லாம எப்படிம்மா மணையில உட்கார்றது?" என்று மகள் அடிக்கடி அழுவாள். மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். அரங்கத்தில் பழைய ஜப்பான் படம் ஒன்று போட இருந்தார்கள். படத்துக்கு முன்னால் ஒருவர் தமிழில் கதை சொன்னார். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

கத்தி வைத்திருக்கும் ஒரு வீரன். ஒரு பாலத்தில் வைத்து அவனை யாரோ அவமதித்துவிட, இனி இந்தப் பாலத்தில் கால் வைப்பதில்லை என்று பிரபுவின் சபையில் சத்தியம் செய்கிறான். பிறகு அக்கரையில் அவன் குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது. வீரன் சொன்ன சொல் மாறக் கூடாது என்பது அவர்கள் தர்மம். மழையில் பாலத்தின் இந்த ஓரத்திலேயே நிற்கிறான். குழந்தை போய்விடுகிறது. சொல் காத்தவன் என்று பிரபு அவனுக்குப் புதுக் கத்தி பரிசளிக்கிறார். அதை அவன் ஆற்றில் வீசிவிட்டுப் பாலத்தில் நடக்கிறான்.

படம் முடிந்தது. அரங்கம் இருட்டாகவே இருந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணே, தூங்கிட்டீங்களா? லைட்டைப் போடுங்க!" என்று கத்தினார். அப்போதுதான் இவர் எழுந்து ஓடினார்.

கதவைப் பூட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "உன் தம்பி கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

"எட்டு மணி வரைக்கும் இருக்கும்" என்றேன். வேறொன்றும் பேசப் பயம். வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு வேளச்சேரி வரை பறக்கும் ரயிலில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஆதம்பாக்கத்தில் தம்பியின் பஞ்சர் கடைக்குப் போனோம். இவர் வழியில் இறங்கித் திரும்பிவிடுவாரோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும், "வாங்க மாமா" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அப்புறம்தான் கோபம் ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மாப்ள, சாப்டியா?" என்றார் இவர்.

"அன்னிக்கு சாப்பிடாம போனவனை இன்னிக்கா கேக்குறீங்க?"

"ஆமாண்டா. அன்னிக்கு நான் பண்ணது தப்புதான். உன் இடத்துல வேற ஆளை நிக்க வச்சிருக்கக் கூடாது."

தம்பி ஒட்டின டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "கை எல்லாம் கிரீஸ். இருங்க, கழுவிக்கினு வர்றேன்" என்றான்.

அவசரத்தில் தட்டு கொண்டுபோக மறந்திருந்தோம். பக்கத்து டீக்கடையில் வடைத் தட்டை வாங்கித் துடைத்து, அதில்தான் பத்திரிகை வைத்தோம். "எங்க அக்கா மட்டும்தான் வடைத் தட்டுல கல்யாணத்துக்குக் கூப்பிடுவா" என்று தம்பி சிரிக்க, இவரும் சிரித்துவிட்டார்.

கல்யாணத்தில் என் மகளைக் கைப்பிடித்து மணைக்கு அழைத்து வந்தது அவள் மாமாதான்.

அந்தப் படத்தைப் பற்றி என் கணவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ஒருவர் தன் வீம்பை விட்டு இறங்கி வரும்போது, ஏன் என்று கேட்காமல் கூடவே நடந்துவிட வேண்டும் என்று மட்டும் அன்று எனக்குப் புரிந்தது.