நெற்றி இல்லாத படத்துக்கு ஒரு பொட்டு

புதுக் கலண்டரின் மை வாசனை இருக்கே... அதோடு அடுப்புப் புகையும் கற்பூரமும் கலந்தால், எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் ஜனவரி பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

பதுளை டவுனில் நாங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கும் கடையில்தான் வருஷா வருஷம் கலண்டர் கொடுப்பார்கள். கடைக்கார நானா எங்களுக்கென்று ஒரு முருகனையோ லட்சுமியையோ எடுத்து வைத்திருப்பார். நான் ஓ.எல். பரீட்சை எழுதி முடித்த அந்த வருஷம் மட்டும் மனுஷன் அப்பாவிடம் கையைப் பிசைந்தார்.

"சாமி படமெல்லாம் முடிஞ்சி போச்சி அண்ணே. இது கொழும்புல பெரிய ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர்ட படமாம். பாரின்லயும் பேர் போனவராம். கொண்டு போங்க."

இரண்டு மாசத்துக்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் அவருடைய ஒரு ஓவியம். வீட்டுக்கு வந்து விரித்தால்... முதல் தாள் முழுக்கக் கறுப்பு! மேலே இடது பக்கத்திலிருந்து சரிந்து இறங்கும் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. அதுவும் பாதியிலேயே நின்றுவிடும். அவ்வளவுதான்.

அப்பாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. ஏனென்றால் வீட்டில் ஏற்கெனவே சண்டை. அடுத்து ஏ.எல். வகுப்பில் சித்திரப் பாடம் எடுக்கப் போகிறேன் என்று நான்... வர்த்தகம் எடுத்தால்தான் பேங்கில் வேலை கிடைக்கும் என்று அவர்.

"பாத்தியா, இதுக்குத்தான் நீ ஒத்தக் கால்ல நிக்கிற. இதுல என்னா இருக்குன்னு எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு பாப்போம். சொல்லிட்டீன்னா சித்திரமே எடு. இல்லாட்டி வர்த்தகம்தான், பேச்சே இல்ல."

என் எதிர்காலமே அந்தக் கறுப்புத் தாளில் வந்து தொங்கியது.

"ராத்திரிப்பா. நம்ம மலை, ராத்திரியில."

"அப்ப நட்சத்திரம் எங்க?"

"கவலைப்பா. அந்த ஆளோட மனசுக்குள்ள இருக்கிற கவல."

"நம்மகிட்ட இல்லாத கவலயா? அதுக்குக் கலண்டர் வேற அடிக்கணுமா?"

நான் கலண்டரைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன்.

எங்கள் வீட்டில் கலண்டர் சாமித் தட்டுக்குப் பக்கத்தில்தான் தொங்கும். மாட்டிய கையோடு, படத்திலிருக்கும் சாமியின் நெற்றியில் அம்மா சந்தனப் பொட்டு வைப்பார். அன்றைக்கும் கிண்ணியில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். விரலை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய் புள்ள, இதுக்கு நெத்தி எங்க இருக்கு?"

"ஐயோ அம்மா, இது சாமி இல்லம்மா!"

"சாமிகிட்ட மாட்டிட்டுப் பொட்டு வைக்காம விடுறதா? நீதான படம் வரையிறவ, எடத்தக் காட்டு."

அப்போதுதான் அந்தப் படத்தை முதல் தடவையாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அர்த்தம் தேடவில்லை. ஒரு பொட்டுக்கு இடம் தேடினேன். சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கண் இறங்கியது. கோடு நின்ற இடத்தில் கண் நிற்கவில்லை... இன்னும் சரிந்து, அந்தக் கறுப்புக்குள்ளே போய், ஓரிடத்தில் தானாக அமர்ந்தது.

"இங்கம்மா."

அம்மா பொட்டு வைத்தார்.

சுவர் மாதிரித் தட்டையாக இருந்த கறுப்பு அப்படியே பின்னால் விலகிப் போனது. கிணற்றை எட்டிப் பார்ப்பது போல ஓர் ஆழம். அந்தச் சிவப்புக் கோடு அவ்வளவு தூரத்திலிருந்து இந்தப் பொட்டைத் தேடித்தான் வந்துகொண்டிருக்கிறது!

"ஆத்தாடி!" என்று அம்மா ஓரடி பின்னால் வந்து கும்பிட்டார். வாசலில் நின்ற அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு படத்துக்குக் கிட்ட வந்தார்.

மறுநாள் காலை, பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்கிற அவசரத்திலும் அப்பா அந்தப் படத்தின் முன்னால் நின்றார். அதற்கு மறுநாளும் நின்றார். ஒருநாள் ரொம்ப சீரியஸாக என்னிடம் கேட்டார்.

"அந்தக் கோடு இன்னைக்குக் கொஞ்சம் கீழ எறங்குன மாதிரி இல்ல?"

மார்ச் பிறந்ததும் தாளைப் புரட்டப் போனேன்.

"அத விடு."

"மாசம் மாறிருச்சுப்பா."

"தேதிய நான் கங்காணிகிட்டக் கேட்டுக்கிறேன். இன்னும் பார்த்து முடியல."

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் ஜனவரிதான்! ஓ.எல். ரிசல்ட் வந்ததும் அப்பாவே என்னைப் பஸ்ஸில் பதுளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "சித்திரம் போடுங்க சேர்" என்றார். விளக்கத்தை நான் கடைசிவரை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு கம்பஸில் பட்டப்படிப்பு படிக்கும்போது அதே ஓவியத்துக்கு எத்தனையோ விளக்கங்கள் படித்தேன். யுத்த கால மௌனம் என்றார்கள், முடியாத பயணம் என்றார்கள். எல்லாமே பொருந்தத்தான் செய்தன. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இப்போது பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலவில் சித்திர டீச்சராக இருக்கிறேன். போனில் அந்தப் படத்தைக் காட்டினால், "பார்த்தாச்சு டீச்சர், அடுத்தது?" என்கிறார்கள் பிள்ளைகள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. விரலைத் தள்ளினால் ஆயிரம் படம் வருகிறது. எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

போன மாசம் கொழும்பில் அசலையே காட்சிக்கு வைத்திருந்தார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆளைவிட உயரம்! கறுப்பு என்று நாங்கள் நினைத்ததற்குள்ளே நீலம், பச்சை, காய்ந்த ரத்தத்தின் நிறம்...

அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ரொம்ப நேரம் பார்த்தவர், படத்தைத் தொடாமல் காற்றில் விரலை நீட்டினார்.

"உங்கம்மா பொட்டு வச்சது இந்த எடத்துலதான?"

அதே இடம். அம்மா இப்போது இல்லை. படத்திலும் அங்கே எதுவுமில்லை. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பொட்டு தெரிந்தது.

மூடுகிற நேரமாகிவிட்டது என்று காவலாளி சைகை காட்டினார்.

"போவோமாப்பா?"

அப்பா திரும்பவே இல்லை.

"இரு புள்ள... இன்னும் பார்த்து முடியல."