மண்செவியனுக்குப் பல் கிடையாது

சமையலறைத் தரையில் குப்புறப் படுத்து, ஒரு காதைத் தரையோடு ஒட்டி வைத்திருக்கிறார் மனிதர். மனைவி துடைப்பத்தோடு பக்கத்தில் நிற்கிறார்.

"இப்போ நட. ம்... குதிகாலை நல்லா ஊனு. இப்போ ஓடு பாக்கலாம்."

"நான் ஓடறது இருக்கட்டும். நீங்க எந்திரிங்க, கூட்டணும்."

"கோவமா நடந்தா சத்தம் வேற மாதிரி வருது!" என்கிறார் படுத்தபடியே, புதையல் கிடைத்த சந்தோஷத்தில். துடைப்பம் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த வீட்டில் இதெல்லாம் பழகிவிட்டது.

அவருக்குப் பல்செட் செய்கிற தொழில். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, ரோஸ் நிற மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, ஊர் பேர் தெரியாதவர்களின் சிரிப்பை மேசை மேல் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். எங்களுக்கெல்லாம் அவர் 'பல்செட்டு'தான். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் பேச்சில் கவனம் இருக்காது, பல்லில்தான் இருக்கும். என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்த விஷயம் எனக்கே அவர் சொல்லித்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக் கூடத்தில் கதை விளையாட்டு நடக்கும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம், அதற்கொரு பொம்மை. காட்டுக்குள் நுழைவோம், கோட்டை ஏறுவோம். பிழைத்தோமா செத்தோமா என்பதைப் பகடை சொல்லும். நடத்துகிறவர் பல்செட்டு. கல்லூரியில் படிக்கும் அவர் மகள் வில்லாளி. மனைவி வைத்தியர். நான் மந்திரவாதி; என் மந்திரம் இதுவரை பலித்ததாகச் சரித்திரம் இல்லை.

கதையில் வரும் பூதங்களை அவரே உண்டாக்குவார். எங்கேயாவது படித்தது, பார்த்தது என்றால் தொடமாட்டார். மிச்ச மெழுகில் பொம்மை செய்வதால் அத்தனை பூதமும் ஈறு நிறத்தில் இருக்கும். ஒன்றுக்கும் பல் கிடையாது.

"பகல் பூரா பல்லு. இதுக்கும் பல்லு வெச்சா, லீவு நாள்லயும் வேலை பாத்த மாதிரி ஆயிடும்."

தரையில் படுத்து ஆராய்ச்சி செய்தது மண்செவியனுக்காக. மண்ணுக்குள் புதைந்து காத்துக் கிடக்கும் பூதம் அது. கண் இல்லை. முதுகு முழுக்க ஒரே காது. மேளத்தோல் போல விறைப்பாக இருக்கும். மேலே நடக்கிறவர்களின் காலடியை வைத்தே ஆளை எடைபோட்டுவிடும். முன்னால் போகிறவர்களை ஒன்றும் செய்யாது. கடைசிக் காலடிக்குப் பின்னால் வேறு காலடி இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

"குழியானை மாதிரியா?" என்று கேட்டுவிட்டேன். மணலில் குழி பறித்துக்கொண்டு எறும்புக்குக் காத்திருக்குமே, அந்தப் பூச்சி. மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது.

"அது குழி வெட்டுங்க. குழியப் பாத்தா யாரும் ஒதுங்கிப் போயிரலாம். இது மேல மண்ணு அப்படியே இருக்கும். ஒரு புல்லு ஆடாது."

"சரி, பல்லு இல்லாம எப்படிப் பிடிக்கும்?"

"ஈறு போதாதா? பல்லு போனவங்க ஈறாலயே என்னென்ன அரைக்கிறாங்கன்னு என்னக் கேளுங்க, சொல்றேன்."

அவர் மனைவி ஒரே கேள்வியில் அவரைக் கவிழ்த்தார். "யாருமே அந்தப் பக்கம் நடக்கலன்னா அது எதத் தின்னும்?" அன்று முழுவதும் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய், "பட்டினி கிடக்கும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாராம்.

இத்தனை பாடும் மச்சானுக்காக. மச்சான் என்றால் இவருடைய அக்காவின் கணவர். அக்கா இருந்தவரை அவர்தான் எங்கள் படைத்தலைவி. கதவைத் தட்டிப் பார்க்கிற ரகம் இல்லை, உடைத்துக்கொண்டு போகிற ரகம். போன வருஷம் உடம்புக்கு முடியாமல் போய், எங்களை விட்டுப் போய்விட்டார். அதன் பிறகும் மச்சான் ஞாயிறு தவறாமல் வந்தார். வந்தார் என்பதைவிட, பல்செட்டின் மகள் போய்க் கையோடு கூட்டிவந்தாள் என்பதுதான் சரி. தன் வீரன் பொம்மையை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முறை வந்தால் ஒரே பதில்தான்.

"நான் சும்மா நிக்கிறேன்."

சும்மா நிற்பவனை எந்தப் பூதம் விடும்? அவரைக் காப்பாற்றப் போய் ஒரு நாள் வைத்தியர் செத்தார். இன்னொரு நாள் நான் செத்தேன், அது வழக்கம்தான். அன்று கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே மச்சான் சொன்னார்: "என்னால எல்லாருக்கும் தொந்தரவு, மாப்ள. அடுத்த வாரம் வர்றேன். அதோட நிறுத்திக்கறேன்."

வாரத்தில் அவர் மனிதர்களோடு உட்காருவது அந்த ஒரு மத்தியானம்தான். அதுவும் இல்லையென்றால் பூட்டிய வீடும் அவரும்தான் மிச்சம். பல்செட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கவலையில் பிறந்தவன்தான் மண்செவியன்.

அசையாமல் நிற்கிறவரை மண்செவியனுக்குத் தெரியாது. ஒருவரைக் கவ்வும்போது அதன் காது மண்ணுக்கு வெளியே வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் சும்மா நிற்கிறவர் ஒரே குத்தில் அதை முடித்துவிடலாம்.

"மச்சான் எப்பவும் சொல்றதச் சொன்னாப் போதும்," என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "சும்மா நிக்கிறேன்னு சொல்லட்டும், ஜெயிச்சது அவருதான். அப்புறம் தொந்தரவுன்னு எப்படிச் சொல்றாருன்னு பாத்துடறேன்."

வாய்க்கு அளவெடுப்பது போல ஒருவருடைய துக்கத்துக்கு அளவெடுத்துப் பூதம் செய்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஞாயிறு வந்தது. ஈரமான சமவெளியில் வரிசையாக நடந்தோம். மச்சானுக்குப் பின்னால், கடைசியாக வில்லாளி. சத்தமே இல்லாமல் மண் வாயைத் திறந்தது. முழங்கால் வரை உள்ளே போய்விட்டாள். அடுத்த சுற்றில் இடுப்பு வரை. என் மந்திரம் வழக்கம்போலப் புஸ்ஸென்று போனது.

"மச்சான், உங்க முறை. என்ன பண்றீங்க?" கேட்ட அவசரத்திலேயே பல்செட்டு மாட்டிக்கொள்வார் போலிருந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

மச்சான், வில்லாளியாக இருந்த பல்செட்டு மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டுதான் என்றாலும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய சத்தம் கேட்டா, பிடிச்சத விட்டுட்டு வருமா மாப்ள?"

இதைப் பல்செட்டு யோசித்தே வைக்கவில்லை. "நீங்க சும்மா நின்னாலே..." என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கினார். "வரும். ஆனா, உங்ககிட்ட வரும்."

மச்சான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். காலை ஓங்கித் தரையில் மிதித்தார். மேசையிலிருந்த டம்ளர்கள் ஆடின.

"இங்க வா! புள்ளைய விடு! நான் இங்க நிக்கிறேன், இங்க வா!"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பல்செட்டின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். பல்செட்டு, மெழுகுப் பூதத்தை மகளின் பொம்மையிடமிருந்து எடுத்து, மச்சானின் வீரனுக்கு முன்னால் வைத்தார். இனிமேல் பகடைதான். எந்த எண் விழுந்தாலும் சமாளிக்கலாம், ஒன்று மட்டும் விழக்கூடாது. விழுந்தால் வீரன் கதை முடிந்தது.

யாரும் பார்க்காதபடி எதிரில் நிமிர்த்தி வைத்திருந்த அட்டைக்குப் பின்னால் பல்செட்டு பகடையை உருட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது.

ஒன்று.

பல்செட்டு, பிளாஸ்டர் வெள்ளை போகாத உள்ளங்கையால் அதை மூடினார். "தப்பிச்சுட்டீங்க. சொல்லுங்க மச்சான், அடுத்து என்ன பண்றீங்க?"