திவ்யா பார்த்த பக்கம்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் மேசைமேல் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். பாடப் புத்தகத்தில் இல்லாத ஓர் ஆங்கிலச் சொல்லை வெளியில் எங்காவது பிடித்து, சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். ஸ்பெல்லிங் தெரியாவிட்டால் தமிழில் எழுதலாம். எங்கே கேட்டோம் என்று மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். டீச்சருக்கே தெரியாத சொல்லைக் கொண்டுவருபவரின் பெயர் ஒரு வாரத்துக்குச் சுவர் சார்ட்டில் இருக்கும். மானகிரியில் உட்கார்ந்துகொண்டு அப்படிப்பட்ட இங்கிலீஷுக்கு நான் எங்கே போவேன்? பஸ் டிக்கெட், உர மூட்டை, ஷாம்பு பாக்கெட் ஒன்றையும் விடவில்லை. எல்லாமே டீச்சருக்குத் தெரிந்திருந்தது.

திவ்யாவுக்கு அந்தக் கஷ்டமில்லை. அவளுடைய அப்பா துபாயில் கட்டட வேலையில் இருந்தார். தினமும் வேலை முடிந்ததும் மகளுக்கென்று ஒரு புதுச் சொல்லை வாய்ஸ் மெசேஜில் பேசி, அவள் அம்மாவின் போனுக்கு அனுப்புவார். சார்ட்டில் அவள் பெயர் அழிந்ததே இல்லை. பக்கத்து வீடு, ஒரே பெஞ்சு, உயிர்த்தோழி வேறு. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு சமயம் பத்து நாளாக அவள் அப்பாவிடமிருந்து எதுவும் வரவில்லை. போன் ரிப்பேர் என்றார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோயிருந்தார். வெளிநாட்டில் ஒருவர் செத்தால், உடல் வந்து சேரும்வரை பெண்டாட்டி பிள்ளையிடம் மூச்சுவிட மாட்டார்கள் எங்கள் தெருவில். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும், என் அம்மா உட்பட. திவ்யாவுக்கும் அவள் அம்மாவுக்கும்தான் தெரியாது. எனக்கும் தெரியாது.

புதன்கிழமை மாலை கொடியில் துணி எடுக்கப் போனேன். எங்கள் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று திவ்யாவின் தாய்மாமா போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அதில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். மறந்துவிடாமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் டீச்சர் என் சீட்டைப் பிரித்து, "எம்பாமிங்" என்று படித்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"எனக்கே தெரியலையே! யாரு கொண்டாந்தது? எங்க கேட்ட?"

நான் பெருமையாக எழுந்து நின்றேன். "திவ்யாவோட மாமா போன்ல சொன்னாக டீச்சர். எம்பாமிங் முடிஞ்சிருச்சாம், வெள்ளிக்கிழமை பிளைட்ல அனுப்புறாகளாம்."

டீச்சர் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். எங்கள் தெருச் சங்கதி அவருக்குத் தெரியாது. "ஏதோ சாமான் போல. திவ்யா, டிக்ஷனரிய எடு" என்றார்.

டிக்ஷனரி பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பக்கங்களைத் தள்ளினாள். விரல் மேலிருந்து இறங்கி ஓரிடத்தில் நின்றது. அங்கேயே நெடுநேரம் நின்றது. பிறகு புத்தகத்தை மூடினாள்.

"இதுல இல்ல டீச்சர்."

"பொய் டீச்சர்! அவ பார்த்தா, நான் பார்த்தேன்" என்று கத்தினேன். அதற்குள் பெல் அடித்துவிட்டது. அர்த்தம் கிடைக்காத சொல் சார்ட்டுக்குப் போகாது. என் பெயர் வந்துவிடக்கூடாது என்று மறைக்கிறாள், பொறாமைக்காரி. அங்கேயே அவளோடு பேச்சை முறித்துக் காய் விட்டேன். சாயங்காலம் என் பின்னாலேயே வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மாவின் குரல் கேட்டது. "அப்பா இன்னைக்காவது பேசுனாகளா பாருடி."

"அங்குட்டு டவர் இருக்காதும்மா. நாளைக்குப் பேசுவாக. நீ சாப்பிடு."

சனிக்கிழமை விடிகாலையில் வேன் வந்தது. அவள் அம்மா வாசலிலேயே விழுந்தார். திவ்யா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தாங்கிக்கொண்டாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை. "பச்சப்புள்ள, அதுக்கு என்னத்தத் தெரியும்? அழுக வைங்கடி" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒன்பதாம் வகுப்பில் டிக்ஷனரியில் வேறெதையோ தேடப் போய் அந்தப் பக்கத்தைக் கண்டேன். பிணம் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது என்று போட்டிருந்தது. பத்து வயதுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு, தாயிடம் சொல்லாமல் இரண்டு நாள் அவளைச் சாப்பிட வைத்திருக்கிறாள். அந்த இரண்டு நாளில் திவ்யா வாய்விட்டுச் சொல்லி அழ ஒருத்திதான் இருந்தாள். அந்த ஒருத்தியோ காய் விட்டிருந்தாள்.